ஒரே எண், இரண்டு பெயர்

“அந்த ரெண்டு பேரையும் மட்டும் ஒண்ணாச் சேர்த்துடாத, மகளே.” இனிப்புக் கடைக்காரர் அபூ ஸாமிர் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் பின்னறைக் கதவைப் பார்த்தார். அங்கே அவர் மனைவி உம்மு ஸாமிர் டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று கோணினாலும் பிய்த்து மறுபடி ஒட்டுகிற மனுஷி.

துஹாவுக்குச் சுருக்கென்றது. அவளை அழைத்ததே சேர்ப்பதற்குத்தான். கடைக் கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர் விவரமெல்லாம் ஒரே கூளம். ஒரே ஆள் ஓரிடத்தில் டாக்டர், இன்னோரிடத்தில் மூத்த மகன் பெயரோடு ‘அபூ’ சேர்த்து இன்னாரின் அப்பா. போன் எண்ணில் ஒருவருக்குக் கோடு, ஒருவருக்கு இடைவெளி. எல்லாவற்றையும் ஒரே மாதிரி திருத்தி, ஒரே எண் இரண்டு முறை வந்தால் ஒன்றாக்க வேண்டும். பெருநாளைக்கு ஆளுக்கு ஒரு டப்பா மஃமூல், பேரீச்சை வைத்த பிஸ்கட், போகிறது.

“ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர். அதுவும் உங்க நம்பர்,” என்றாள். “அபூ ஸாமிர், லுவைப்தா ஏரியா. அபூ லைத், மார்க்கா ஏரியா. யாரு இந்த அபூ லைத்?”

“சிநேகிதன். போன் இல்லாதவன்.”

“அம்மான்ல போன் இல்லாத ஆளா? நல்லா காதுல பூ சுத்தறீங்க.”

இல்லாத ஆள் பெயரில் சரக்கு வெளியே போகிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. “நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா பழி என் தலையிலதான் விழும். உங்க வீட்டம்மாவையே கேட்டுடறேன்.” எழுந்துவிட்டாள்.

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “உக்காரு தாயே. அந்த மார்க்கா வீடும் என் வீடுதான். ரெண்டாவது நிக்காஹ். லைத் என் பையன். இவளுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே பெட்டியைக் கட்டிடுவா. இவ இல்லாம இந்தக் கடையும் இல்ல, நானும் இல்ல.”

துஹாவுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. திரையைப் பார்த்தாள். கடைக்காரர் பதிந்ததெல்லாம் தலையும் வாலும் இல்லாமல் கிடக்க, இந்த ஒரு வரியில் மட்டும் தெரு, மாடி, கதவின் நிறம் என்று ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

“மறைக்கிற விஷயம்னா மட்டும் எவ்வளவு நேர்த்தியா டைப் அடிக்க வருது உங்களுக்கு,” என்றாள்.

அது அவர் காதில் விழவில்லை. பின்னறைக் கதவு திறந்துவிட்டது.

உம்மு ஸாமிர் காபித் தட்டை வைத்துவிட்டுத் திரையருகே குனிந்தாள். துஹாவின் கை அவசரமாக மவுஸைத் தேடியது. அதற்குள் அந்த அம்மாளின் விரல் அபூ லைத்தின் மேல் போய் நின்றுவிட்டது.

“நான் இதைச் சரிபண்ணி வெச்சப்போ மூணாவது மாடி. லைத் நடக்க ஆரம்பிச்சதும் கீழ் வீட்டுக்கு மாறிட்டாங்க, திருத்திடு.”