அளவெடுத்து வாங்கிய புத்தகம்

அந்தப் பெண் கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்து, அலமாரியில் இருந்த ஒரு புத்தகத்தின் முதுகை அளந்தாள். உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போனாள்.

பழைய புத்தகக் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். மோந்து பார்ப்பவர்கள், கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நழுவுகிறவர்கள் என்று இருபது வருடத்தில் எல்லா ரகத்தையும் பார்த்தாயிற்று. டேப்போடு வந்த முதல் ஆள் இவள்தான்.

“என்னம்மா, புது வீடா? ஷோகேஸ்ல அடுக்கவா?”

“இல்ல சார், படிக்கத்தான். பைத்தான்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷை கத்துக்கணும், அனா ஆவன்னாலேருந்து. இருபத்து நாலு சென்டிமீட்டர் உயரம், மூணு சென்டிமீட்டர் தடிமன்ல நல்ல புக்கா ஒண்ணு வேணும்.”

“புக்கு வாங்கறீங்களா, சட்டை தைக்கறீங்களா?”

அவள் சிரித்தாள். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியின் பதிவுப் பிரிவில் அவளுக்கு வேலை. அங்கே எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறார்கள். அதற்குப் பைத்தானில் ஒரு தேர்வு வைக்கிறார்கள். தேறினால் இதே ஊரில் இருக்கலாம், தேறாவிட்டால் ஆறு மணி நேரம் தள்ளியிருக்கும் கிளைக்கு மாற்றல். முதல் தடவை எழுதி நூற்றுக்குப் பதினொன்று வாங்கியிருந்தாள். மிச்சமிருப்பது ஒரே ஒரு வாய்ப்பு, அதுவும் ஐந்து வாரத்தில்.

“பதினொண்ணா? அப்படி எதைப் படிச்சுட்டுப் போனீங்க?”

“வீட்ல ஒரு புக் இருந்துச்சு,” என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

கடைக்காரருக்கு மனசு இளகியது. அவருக்குப் பைத்தானில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் எந்தப் புத்தகத்தையும் படிக்காமலே எடை போடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

“இங்க பாருங்க. புக்கை மூடி வெச்சு, பக்கங்களோட ஓரத்தைப் பாக்கணும். விரல் பட்ட இடமெல்லாம் அழுக்கா இருக்கும். அழுக்கு எங்க நிக்குதோ, அங்க படிச்ச ஆள் ஓடிப் போயிட்டார்னு அர்த்தம். இதைப் பாருங்க, கடைசி வரைக்கும் அழுக்கு. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்.”

அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு டேப்பை வைத்தாள். “ஒல்லியா இருக்கே சார்.”

“மாப்பிள்ளையா பாக்கறோம்?”

அவள் கீழ்த்தட்டைக் காட்டினாள். அங்கே ஒரே புத்தகத்தின் ஐந்து பிரதிகள் தூசி படிந்து கிடந்தன. பளபளப்பான சிவப்பு மேலுறையில் கண்ணாடி போட்ட பாம்பு ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.

“அது எப்படி சார்?” குரலை இறக்கிக் கேட்டாள்.

“அதுவா? விரோதி கேட்டாக்கூடக் குடுக்க மாட்டேன். அஞ்சு பேர் கொண்டு வந்து என் தலையில கட்டிட்டுப் போயிட்டாங்க. அஞ்சுலயும் இருபதாம் பக்கத்தோட அழுக்கு முடிஞ்சுது. அப்புறமெல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கு. எழுதின மனுஷனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. படிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்கறது மட்டும் தெரியல.”

அவள் கைக்குட்டையை எடுத்து ஐந்து பிரதிகளையும் துடைத்து, நேராக நிமிர்த்தி வைத்தாள். சுத்தக்காரப் பெண் போலிருக்கிறது என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார்.

“நீங்க சொல்றது சரிதான் சார். ஆனா இதே அளவுல, அழுக்கு கடைசி வரைக்கும் இருக்கற புக் வேணும். இந்தத் தடவை நான் பாஸாகியே ஆகணும்.”

இப்படிக் கேட்டால் என்ன செய்வது? கடைக்காரர் ஏணியில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். ஒன்று குட்டை, ஒன்று குண்டு, ஒன்றில் நாற்பதாம் பக்கத்திலேயே வாசகர் ஓட்டம். பதினோரு புத்தகங்களை அளந்த பிறகு, பின்பக்கத்து அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து ஒன்று கிடைத்தது. முனையெல்லாம் மடங்கி, கடைசி ஏடு வரை கைப்பிசுக்கு ஏறியிருந்தது.

டேப்பை வைத்தாள். இருபத்து நாலு; மூன்று. தேர்வு முடிவையே பார்த்துவிட்டதுபோல அவள் முகம் மலர்ந்தது. கடைக்காரருக்கும் ஏனோ சந்தோஷமாக இருந்தது. பழைய செய்தித்தாளை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

“வேணாம் சார். உறை நான் கொண்டு வந்திருக்கேன்.”

கைப்பையிலிருந்து மடித்து வைத்திருந்த சிவப்பு மேலுறை வந்தது. அதைப் புத்தகத்துக்குப் போட்டு, இரண்டு பக்கமும் மடிப்பைச் செருகினாள். மயிரிழைகூடத் தப்பாமல் பொருந்தியது. அட்டையில் கண்ணாடி போட்ட பாம்பு சிரித்தது.

கடைக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, இவ்வளவு நேரம் தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னேனே. தேடித் தேடி எடுத்த நல்ல புக்குக்கு, போயும் போயும் அந்தச் சனியனோட சட்டையைப் போடறீங்களே?”

அவள் புத்தகத்தைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு, இந்த முறை முழுதாகச் சிரித்தாள்.

“அதை எழுதினவரே என் வீட்டுக்காரர்தான் சார். நான் படிக்கறப்ப எதிர்லயே உக்காந்திருப்பார்.”