கொக்கு என்றேன்

தலைக்கு மேலே ஆங் ஆங் என்று கத்திக்கொண்டு ஒரு பறவைக் கூட்டம் வந்தது.

பக்கத்து மொட்டைமாடியிலிருந்து ஞானாம்பாள் மாமி கூப்பிட்டார். "நாயக்கரே, அன்னம் மாதிரி இருக்கே! அவர் சொல்ற வாத்தா பாருங்கோளேன்!"

கழுத்தில் செத்துப்போன புருஷனின் பைனாகுலர். காரியமெல்லாம் முடிந்து மாமி மாடியேறியது அன்றைக்குத்தான்.

புருஷன் ஸ்ரீநிவாசராகவன், பாங்கியில் ரிட்டயர் ஆனவர். சேலையூரில் எங்கள் மதிலை ஒட்டி வீடு கட்டிய நாள் முதல் எனக்கும் அவருக்கும் ஆகாது. முருங்கைக் கிளை அந்தப் பக்கம் சாய்ந்ததற்கே ஒரு மாசம் பேசவில்லை.

சாயங்காலமானால் மாடியில் நின்று ஆகாயத்தைப் பார்ப்பார். ஒரு பறவை பறந்தால் போதும், தெருவுக்கே கேட்கிற மாதிரி அதன் ஜாதகத்தைச் சொல்வார்.

தை மாசத்தில் ஒரு வாத்து வருமாம். வரித்தலை வாத்து. இமயமலையைத் தாண்டி வருமாம்.

"அம்மாந்தூரம் தாண்டி இங்க இன்னாத்துக்கு சாமி வருது, கேம்ப் ரோடு டிராஃபிக்கப் பாக்கவா? கொக்கு அது" என்பேன்.

மனுஷன் விடமாட்டார். கழுத்து, இறக்கை, தலையில் கறுப்புக் கோடு என்று இருட்டும்வரை என்னோடு மல்லுக்கட்டுவார்.

இந்த வருஷம் ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோதும் "வந்துடுத்தா?" என்றுதான் மாமியைக் கேட்டாராம். வரவில்லை. அவர் போய்விட்டார்.

"சொல்லுங்கோ நாயக்கரே, அதுதானா?" மாமி மறுபடியும் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டுக் கீழே போயிருப்பார். எனக்கு வாய் வரவில்லை.

"கொக்கு மாமி" என்றேன்.

மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. பைனாகுலரைத் தூக்கிக் கண்ணில் வைத்தார். "கொக்கு கழுத்த மடிச்சுண்டு போகும். இது நீட்டிண்டுன்னா போறது! தலையில, இதோ, ரெண்டு கோடு. கறுப்பா."

அப்புறம் குரல் இறங்கிவிட்டது.

"வந்துடுத்து. இனிமே யார்கிட்ட போய்ச் சொல்றது?"

சத்தம் ஏர்போர்ஸ் ஸ்டேஷன் பக்கம் தேய்ந்துகொண்டே போனது.

"என்னாண்ட சொல்லு மாமி" என்றேன். டாக்டரை நம்பிக் கண்ணில் கத்தி வைக்க விடாதவன் நான். பெற்ற பிள்ளையிடம்கூட வாய்விட்டுச் சொல்லாததை மாமியிடம் சொன்னேன். "கிட்ட கீற ஆளு, கையில இன்னா வெச்சிருக்குதுன்னு மங்கலாத் தெரியும். மேல பாத்தா மொத்தமும் வெள்ளையாத்தான் கீது. ஒரு பறவையும் நான் பாத்ததில்ல."

மாமி பைனாகுலரை இறக்கவில்லை.

"தெரியும் நாயக்கரே. அதனாலதானே அவர் அத்தனையும் வாய்விட்டுச் சொல்லிண்டிருந்தார்."