முகம் கொடுத்து

மூளை ஸ்கேன் படங்களை வெளியூர் ஆய்வாளர்களோடு பகிரும் முன், ஆள் அடையாளம் தெரியாதபடி அவற்றில் பதிந்திருக்கும் முகத்தை அழிப்பது அவள் வேலை. அன்று திறந்த படத்தில் பெயர் இல்லை. ஆனால் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, போன வருடம் செத்துப்போன தங்கை. சாகும்வரை அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசாதவள். பெருமூச்சு விட்டு, முகத்தை அழித்து அனுப்பினாள்.

மறுநாள் ஆய்வாளர் போனில் கூப்பிட்டார். "மேடம், ஒரு படத்துல முகம் அப்படியே இருக்கு."

மறுபடி அழித்து அனுப்பினாள். மறுபடியும் போன்.

"இன்னும் போகல மேடம். நேத்து வாய் மூடியிருந்துச்சு. இன்னிக்கு என்கிட்ட ஏதோ பேசற மாதிரி திறந்திருக்கு."

அவள் தன் கணினியில் அதே படத்தைத் திறந்தாள்.

"என்கிட்ட மட்டும் இன்னும் என்னடி கோபம்?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள்.

அவள் திரையில், முகம் இருந்த இடத்தில் வழவழவென்று வெறும் பள்ளம்தான் இருந்தது.