வாளிப் பரீட்சை

“நல்லா அமுக்கு. தலை வெளியே தெரியக் கூடாது.”

“அமுக்கிட்டுத்தான் இருக்கேன். திமிறுது.”

குளியலறையில் இரண்டு பெண்கள் ஒரு வாளியின் மேல் குனிந்திருந்தார்கள். வாளிக்குள் ஒரு மஞ்சள் பை கிடந்தது. அதன் வாயோரத்திலிருந்து ஒரு குமிழி கிளம்பி, மேலே வந்து உடைந்தது.

“மூச்சு விடுது பாரு! போச்சு. ஆறும் வேண்டாம், படகும் வேண்டாம். பேசாம வீட்டுல இரு” என்றாள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். பாதி வேலையில் அனுமதி கேட்டு ஓடி வந்தவள், கடையின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“ஒரு மடிப்புதான் மடிச்சேன்மா. மூணு மடிப்பு மடிக்கணும். இன்னும் ஒரே ஒரு தடவை” என்று கெஞ்சினாள் நூலகத்தில் வேலை பார்ப்பவள்.

நூலகக்காரி இரண்டு நாள் படகுப் பயணத்துக்குக் கிளம்பி நின்றாள். பகலெல்லாம் துடுப்புப் போட வேண்டும், இரவில் கரையில் கூடாரம். அதற்காகவே தேடித் தேடி, இருப்பதிலேயே மலிவான பைகளை வாங்கியிருந்தாள். துணிமணிக்குக் குடைத்துணியில் தைத்த சுருக்குப் பைகள். நனையவே கூடாத சாமான்களுக்கு இந்த மஞ்சள் பை.

“காய்கறிக்காரன் சும்மா கொடுக்கிற பை இதைவிட கெட்டியா இருக்கும்” என்று மருந்துக்கடைக்காரி கேலி செய்ததில்தான் இந்தப் பரீட்சையே வந்தது. முக்கி எடுத்த பைக்குள் செய்தித்தாள் நனையாமல் இருந்தால் போகலாம். ஒரு சொட்டு ஈரம் பட்டிருந்தாலும் பயணம் கிடையாது.

முதல் தடவை தாளின் ஒரு ஓரம் நனைந்திருந்தது. நூலகக்காரி வேறு தாளை வைத்தாள். பையைக் கட்டிப்பிடித்துக் காற்றை வெளியேற்றி, வாயை மூன்று முறை சுருட்டிக் கொக்கியை மாட்டி, மறுபடியும் வாளியில் அமுக்கினாள். மருந்துக்கடைக்காரி தன் பங்குக்குக் குழாயையும் திறந்துவிட்டாள்.

“யார் யார் வர்றாங்க?”

“நூலகத்துல என்கூட வேலை பார்க்கிறவங்கதான்.”

“ஆம்பளைங்க?”

“ரெண்டு பேர். நல்ல பசங்கம்மா.”

“நல்ல பசங்கன்னு நீ சொன்னா ஆச்சா? அவங்க போன் நம்பரைக் கொடுத்துட்டுப் போ. அப்பா என்ன சொன்னார்?”

“சரின்னுட்டார்.”

“அவர் என்னிக்கு உன் முகத்தைப் பார்த்து வேண்டாம்னு சொல்லியிருக்கார்!”

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் ஒரு கணம் நின்றது. இந்த வம்பு நமக்கெதுக்கு என்று நினைத்ததோ என்னவோ, மறுபடி தொடங்கியது.

“போன வருஷம் மலையேறப் போறேன்னு போயிட்டு, கையில கட்டோட வந்து நின்னியே. அன்னிக்கு எனக்கு உசுரே போயிடுச்சு தெரியுமா?” மருந்துக்கடைக்காரியின் குரலில் இப்போது கேலி இல்லை. “நீ இல்லாம இந்த வீடு எப்படியோ இருக்கும்மா.”

நூலகக்காரி ஈரக் கையாலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு தடவை விழுந்ததுக்காக வாசப்படியே தாண்டாம இருக்க முடியுமா? எனக்கு ஆசையா இருக்கும்மா.”

பையை எடுத்துத் துடைத்துத் திறந்தார்கள். மருந்துக்கடைக்காரி தாளை நான்கு பக்கமும் தடவிப் பார்த்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். தாள் மொரமொரவென்று இருந்தது.

“சே, நல்லாத்தான் இருக்கு” என்றாள், வாங்கிய பொருள் கெட்டுப்போனவள் போல.

அதன்பின் அவளே உட்கார்ந்து அடுக்க ஆரம்பித்தாள். டார்ச், தீப்பெட்டி, படிக்கிற கண்ணாடி, பஞ்சு, பிளாஸ்திரி எல்லாம் மஞ்சள் பைக்குள் போயின. மாற்றுத் துணிகள் சுருக்குப் பைகளில் சின்னத் தலையணை அளவுக்கு ஒடுங்கின.

“இந்தச் சுருக்குப் பை தண்ணி தாங்குமா?”

“தாங்காது. அதை எல்லாம் ஒரு பெரிய பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு வாயைக் கட்டி, அப்புறம் முதுகுப் பையில வைக்கணும்.”

“அதையும் தெரிஞ்சு வச்சிருக்கே. ரொம்ப விவரம்தான்!”

வாசலில் வேன் ஹார்ன் அடித்தது. நூலகக்காரி முதுகுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு துள்ளி எழுந்தாள். மருந்துக்கடைக்காரி வாசல்வரை பின்னாலேயே ஓடினாள்.

“போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணணும். லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டவே கூடாது. ராத்திரி அரட்டை அடிச்சுட்டு உட்காராம நேரத்தோட தூங்கு.”

“நான் என்ன சின்னக் குழந்தையா?”

“வாளியில தண்ணி விளையாடுற அழகைப் பார்த்தா அப்படித்தான் தெரியுது.”

நூலகக்காரி சிரித்துக்கொண்டே அவள் கன்னத்தில் அழுத்தி ஒரு முத்தம் வைத்துவிட்டு வேனில் ஏறினாள். உள்ளேயிருந்து ஒரே கூச்சலும் கும்மாளமுமாகக் கேட்டது.

வேன் தெருமுனையில் திரும்பி மறையும்வரை மருந்துக்கடைக்காரி கையாட்டினாள். மறைந்ததும் உதடு கோணியது. வெள்ளைக் கோட்டின் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சமையலறையிலிருந்து அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

“அழாதடா கண்ணு. உங்கம்மா ஞாயித்துக்கிழமை வந்துடுவா.”