இவன் சிரிக்கான்

நம்பிராஜன் படத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து இரண்டு இருக்கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரையில் ஒரு முள்ளம்பன்றி, மகளின் சிநேகிதி வீட்டுப் பிறந்தநாளுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அங்கே வீடு முழுக்கப் பலூன் கட்டியிருப்பார்கள். ஒன்றுகூட உடையக் கூடாது என்று மகள் சத்தியம் வாங்கியிருந்தாள். அதனால் அப்பா முள்ளம்பன்றி கண்ணாடி முன் நின்று, முதுகிலுள்ள ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் ஒரு திராட்சையைக் குத்திக்கொண்டிருந்தது.

அரங்கம் குலுங்கியது.

அந்த இரண்டு இருக்கைகள் மட்டும் அசையவில்லை.

குகனுக்கு ஐந்து வயது. ஆதிரைக்கு ஒன்பது. நம்பிராஜன் அவர்களுடைய தாய்மாமன். பிள்ளைகளின் அம்மா, அவனுடைய ஒரே அக்கா கோமதி, சித்திரையில் இறந்துபோனாள்.

இப்போது ஐப்பசி.

வருஷம் திரும்புகிற வரைக்கும் அந்த வீட்டில் தீபாவளி கிடையாது, வாசலில் கோலம் கிடையாது. டிவியை நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. அத்தான் ஒருநாள் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டார். துண்டு அப்படியே கிடந்தது.

பிள்ளைகள் தாங்களாகவே மெதுவாக நடக்கப் பழகிக்கொண்டார்கள். குகன் சாப்பிட்ட தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். ஐந்து வயதுப் பையன் தட்டைச் சத்தமில்லாமல் வைப்பதை நம்பிராஜனால் பார்க்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு ஷூ வாங்கப் போகிறோம் என்று அத்தானிடம் பொய் சொல்லித்தான் இருவரையும் வண்டியில் ஏற்றினான். தியேட்டர் வாசலில் தெரிந்த முகம் ஏதாவது தென்படுகிறதா என்று பார்த்துப் பார்த்து உள்ளே நுழைந்தான். ஊர் என்ன சொல்லும் என்பதுகூடப் பெரிதில்லை. அத்தான் முகத்தில் எப்படி விழிப்பது?

முள்ளம்பன்றி நுனிக்காலில் தெருவில் நடந்தது. ஒரு காக்கா வந்தது. ஒரு திராட்சையைக் கொத்தியது. முள்ளம்பன்றி திரும்பிப் பார்த்தது. காக்கா வாயை மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்தது.

குகனிடமிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது.

இருமல் என்று நினைத்தான் நம்பிராஜன்.

இருமல் இல்லை.

பெரிய மூக்குக்கண்ணாடி நழுவி மடியில் விழ, காலை உதறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஆதிரை சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் சிரிப்பு பீறிட்டது. இன்னும் அழுத்திப் பொத்தினாள். முடியாமல் போகவே மாமன் பக்கம் திரும்பினாள்.

"மாமா, இவன் சிரிக்கான்."

தம்பி திருடிவிட்டான் என்பதுபோலச் சொன்னாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

ஒன்பது வயதுப் பிள்ளையிடம் என்ன சொல்வது? சிரிக்கலாம் என்று சொல்ல அவனுக்கு என்ன அதிகாரம்? அக்காவிடம் கேட்டா சொல்ல முடியும்?

அவள் கையை மெல்ல எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

பிறகு சிரித்தான்.

சிரிப்பு வராமல் சிரித்தான். அதுவும் திரையில் ஒன்றும் நடக்காத நேரத்தில். ஓட்டைச் சைக்கிள் பம்பு அடிப்பதுபோல ஒரு சிரிப்பு. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

ஆதிரையும் பார்த்தாள்.

அவள் உதடு கோணியது. மூக்கு விடைத்தது. திரையில் ஓடிய எதற்கும் இல்லை, மாமன் சிரித்த அழகுக்குத்தான் அவள் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க விக்கல் எடுத்தது. விக்கலைப் பார்த்துக் குகன் இன்னும் சிரித்தான்.

அப்போது நம்பிராஜன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

அத்தான்.

இருட்டில் பிள்ளைகளை விட்டு வெளியே போக முடியாது. எடுக்காவிட்டால் பயந்துபோவார். முன்சீட்டின் முதுகில் நெற்றி படக் குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"எங்கடே இருக்கிய? இம்புட்டு நேரமா ஒரு ஷூ வாங்க?"

"கடையிலதான் அத்தான், சைஸு..."

முள்ளம்பன்றி பிறந்தநாள் வீட்டு வாசலில் தும்மிவிட்டது. திராட்சைகள் நாலாபக்கமும் தெறித்தன. முதல் பலூன் வெடித்தது. பிறகு எல்லாம் வெடித்தன. அரங்கமே ஓவென்று கத்தியது. அத்தனை சத்தத்திலும் அவன் காதருகே இரண்டு குரல்கள் தனியாக, உச்சத்தில்.

அது அத்தானுக்கும் கேட்டிருக்கும்.

நம்பிராஜன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அது குகனா?"

"ஆமா அத்தான்."

"கூட ஒண்ணு கேக்கே. விக்கலோட."

"ஆதிரை."

திட்டப்போகிறார் என்று காத்திருந்தான். போனில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. உட்கார்ந்துவிட்டார் போல.

"அத்தான், நான்தான் பொய் சொல்லி..."

"கட் பண்ணிராதடே," என்றார். "போன அப்படியே வையி. நான் பேசல."

பிள்ளைகள் இருவருக்கும் நடுவே, இருக்கையின் கைப்பிடியில் போனைக் கவிழ்த்து வைத்தான்.

கொஞ்ச நேரம் போயிற்று. பாப்கார்ன் எடுக்க நீட்டிய ஆதிரையின் கை அதில் பட்டது. யார் என்பதுபோலப் பார்த்தாள்.

"அப்பா," என்றான் நம்பிராஜன், சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. போனையே பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

பிறகு போனை இரண்டு கையாலும் எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

"அப்பா, ஒரு முள்ளம்பன்றிப்பா," என்று ரகசியமாக ஆரம்பித்தாள். "அதுக்குப் பலூன்னா ஆகாது. அதனால என்ன செய்யுதுன்னா..."

காக்கா வரைக்கும் சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள். போனைக் காதில் வைத்துக் கேட்டாள். நெடுநேரம் கேட்டாள்.

"இருங்கப்பா," என்றாள். "இன்னும் இருக்கு."