ஏழாம் வகுப்புச் சத்தம்

தாளாளர் மாடிப்படி ஏறும்போதே ஏழாம் வகுப்பு இரைச்சல் காதைத் துளைத்தது. கால அட்டவணையைப் பார்த்தார். புது அறிவியல் டீச்சரின் பீரியட். உடனே தலைமையாசிரியையைக் கூப்பிட்டனுப்பினார்.

"அந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்பிடுங்க."

"முடியாது சார்."

"வகுப்பா அது? சந்தைக்கடை மாதிரி இருந்துச்சு."

"மீனுக்குத் தாகம் எடுக்குமான்னு ஒருத்தன் கேட்டான். ஆளாளுக்குப் பதில் சொன்னாங்க. சத்தம் வரத்தான் செய்யும்."

"அதுக்குள்ள உங்ககிட்ட வந்து கதை அளந்துட்டாளா? நீங்க குடுக்கிற இடம்தான் எல்லாம். பாடம் நடத்தத் தெரியாதவங்களுக்கு இங்க வேலை இல்லை. எழுதுங்க."

தலைமையாசிரியை பேனாவைத் திறந்தார். "யார் பேரை எழுதணும்?"

"அங்க பாடம் நடத்தினது யாரோ, அவங்க பேரை."

"அப்ப என் பேரைத்தான் எழுதணும். வாரம் ஒரு டீச்சரோட வகுப்பை நான் எடுத்துக்கறேன். அந்த நேரத்துல அவங்க இன்னொருத்தர் நடத்துற பாடத்தைப் பார்த்துட்டு வருவாங்க. இன்னைக்கு அந்தப் பொண்ணோட முறை."

தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

தலைமையாசிரியை பேனாவை மூடி மேசையில் வைத்தார். "அடுத்த வாரமும் சத்தம் வரும் சார். படியில நின்னு கேக்காதீங்க. கடைசி பெஞ்சுல இடம் இருக்கு."