வந்த அன்னைக்கே வெட்டறேன்

ஆனைமலை மாசாணியம்மன் சந்நிதியில் மிளகாய் அரைத்துக் கல்லில் அப்பி, "அந்தக் காளிச்சாமி நாசமாப் போகோணும், தாயே!" என்று வேண்டிக்கொண்ட கையோடுதான் ராமாத்தாள் எறணாகுளத்துக்கு ரயில் ஏறினாள்.

பின்னே, வயிறு எரியாதா?

அவள் புருஷன், பேர் சென்னிமலை, ஜெயிலுக்குப் போய் ஐந்து வருஷம். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் மண்வெட்டியை ஓங்கி வீசிவிட்டான். காளிச்சாமியின் அண்ணன் அங்கேயே விழுந்து உயிரை விட்டார். தண்டனை நியாயம்தான், அவள் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வருகிற புதன்கிழமை மகளுக்குக் கல்யாணம். தாரை வார்த்துக் கொடுக்க அப்பன் வேண்டாமா?

பரோல் கேட்டால் கையை விரித்துவிட்டார்கள். ஊரில் விசாரிக்க வந்த போலீஸிடம் காளிச்சாமி சொன்ன ஒரு பேச்சுதான் காரணம்.

"சென்னிமலை வரட்டுங்க. வந்த அன்னைக்கே வெட்டறேன். கருப்பராயன் மேல ஆணை!"

அதை எதிர்த்துத்தான் இன்றைக்கு எறணாகுளம் ஹைகோர்ட்டில் கேஸ்; ஊர் மலையாள எல்லைக்குள் இருக்கிறதே. வராந்தாவில் கல்பாத்தி வக்கீல் துரைசுவாமி அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பயப்படாதே, கேட்டயா! கூட ரெண்டு போலீஸை அனுப்புங்கோன்னு கேக்கப்போறேன். ஜட்ஜிக்குத் தமிழ் நன்னா அறியும்."

"சாமி, அங்க பாருங்க!"

தூணோரம் காளிச்சாமி நின்றுகொண்டிருந்தான். அதே ரயிலில் வந்திருக்கிறான்! கண் இரண்டும் செக்கச் செவேலென்று இருந்தன.

"ரத்த வெறி இன்னும் அடங்கலீங்க அவனுக்கு. காரியம் கெட்டுதான்னு பாக்கறதுக்கு இத்தனை தூரம் வந்திருக்கறான்" என்று பல்லைக் கடித்தாள் ராமாத்தாள்.

கேஸ் கூப்பிட்டார்கள். சர்க்கார் வக்கீல் எழுந்தார்.

"இறந்தவரின் தம்பி வெட்டுவேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். வெளியே விட்டால் கைதியின் உயிருக்கே ஆபத்து."

"நான் சொன்னது நெசமுங்க!"

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையில் காளிச்சாமி, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றான். ராமாத்தாள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு!

ஜட்ஜ் அவனை முன்னால் வரச் சொன்னார். "வெட்டும்னு பறஞ்ஞது நீயாணோ?"

"நானேதானுங்க சாமி. இன்னைக்கு வந்தா இன்னைக்கே வெட்டறனுங்க."

"ஆரை?"

காளிச்சாமி ஓரமாக நின்ற போலீஸ்காரரைத் திருட்டு முழி முழித்துப் பார்த்தான்.

"ஆரைன்னு சொல்லு!"

"சொன்னா கேஸ் போட்டுருவாங்களேங்க..."

"சொல்லலைன்னா இப்பவே போடும்!"

"கிடாய்ங்க சாமி!" என்று கத்தியேவிட்டான். "சென்னிமலை ஊடு வந்து சேந்தா கருப்பராயனுக்குக் கிடாய் வெட்டறதா நேந்துக்கிட்டேன். கோயில்ல பலி குடுக்கக் கூடாதுன்னு நீங்கதான் சட்டம் போட்டுட்டீங்களே! அதான் போலீஸ்கிட்ட கிடாய்ங்கற பேச்சையே எடுக்கலீங்க!"

கோர்ட் கொல்லென்று சிரித்தது. துரைசுவாமி துள்ளி எழுந்தார். "மை லார்ட், ஆபத்து கிடாய்க்குத்தான். என் கட்சிக்காரனுக்கு இல்லை!"

சிரிப்பு அடங்கியதும் ஜட்ஜ் கேட்டார். "செத்தது உன் சேட்டன் அல்லவா? கொன்னவன் வரணும்னு நீ எதுக்கு நேந்துக்கிட்டே?"

"எங்கண்ணனுக்கும் ஒரு புள்ளைங்க. போன வருசம் அதுக்குக் கல்யாணம். அப்பன் இல்லாம நாந்தான் தாரை வாத்தேன். பந்தல்ல அது அழுத அழுகை இருக்குதுங்களே... இன்னொரு புள்ளை அப்பிடி அழுகக் கூடாதுங்க, சாமி."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பத்து நாள் பரோல்! கோயிலில் கத்தியை எடுத்தால் உனக்குத்தான் கேஸ் என்று காளிச்சாமியைப் பார்த்து விரலையும் ஆட்டிவிட்டு எழுந்தார் ஜட்ஜ்.

ராமாத்தாளுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. வெளியே ஓடி வந்தாள். காளிச்சாமி துண்டால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார். ஆமாம், காலையிலிருந்து 'அவனாக' இருந்தவர் அவளுக்கு இப்போது 'அவர்' ஆகியிருந்தார்.

"ஏனுங்கண்ணா, இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"எங்க அம்முணி சொல்றது? என்னயக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறே! அதை உடு. ஊட்டுக்குப் போயிக் கல்யாண வேலையப் பாரு. எனக்குத்தான், ரயில் கரியோ என்னமோ, நேத்துலிருந்து இந்தக் கண்ணு ரெண்டும் மொளகா அப்புனாப்புல எரியுது."

ராமாத்தாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணா, ஊட்டுக்கு அப்பறம் போறனுங்க. மொதல்ல ஆனைமலைக்குப் போயி, கல்லைக் கழுவி, அம்மனுக்கு எண்ணெய்க் காப்பு செஞ்சுபோட்டு வந்தர்றேன்."

"பரோல் கெடச்சதுக்கா, அம்முணி?"

"இல்லீங்கண்ணா" என்றாள் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல். "உங்க கண்ணு எரியறது நிக்கோணுமுங்களே, அதுக்கு."